மறைவுக்கு நேரா காலி இடம்

மேலேர்ந்து அந்த ஃப்ளெக்ஸ அவுத்து விட்டாங்க பாருங்க சார், அத்தோட முடிஞ்சுது என் கதை. சரசரன்னு இறங்குது. அறுபது பேரு கைதட்ட ரெடியா உக்காந்திருக்காங்க. மேடையில நடுச் சேர்ல சாரும்மா. எண்பத்தி மூணாவது பிறந்தநாள் சார் அவங்களுக்கு. ஃப்ளெக்ஸ் முழுசா இறங்கி ஒரு ஆட்டம் ஆடி நின்னுச்சு. மேல கொட்டை எழுத்துல 'கண்ணீர் அஞ்சலி'. நடுவுல அவங்க போட்டோ. போட்டோவுக்கு இந்தப் பக்கம் தோற்றம், அந்தப் பக்கம் மறைவு. மறைவுக்கு நேரா காலி இடம்.

முன்வரிசையில ஒரு குழந்த மட்டும், சொல்லிக் குடுத்த மாதிரியே கைதட்டிருச்சு.

உக்காருங்க சார், ஏன் நிக்கிறீங்க. ஃபைல் ஓப்பன் ஆகட்டும், இந்த சிஸ்டம் கொஞ்சம் முக்கும். அப்பா போட்டோ அனுப்பிட்டீங்களா வாட்ஸப்ல? ஆங், வந்துருச்சு. பதினாறாம் நாள் வெள்ளிக்கிழமதானே? அதுக்குள்ள அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடிச்சுக் குடுத்துடலாம். இனிஷியல் என்ன சார்? கே. சரி. நான் அடிச்சுக்கிட்டே சொல்றேன், நீங்க கேளுங்க. இத யாருகிட்டயாவது சொல்லலேன்னா எனக்கு வயிறு வெடிச்சிரும்.

சாருலோசனி. பேரு கேட்டிருக்கீங்களா? கேட்டிருக்க மாட்டீங்க, அதான் கொடும. கறுப்பு வெள்ளை காலத்து ஹீரோயின் சார்! மொத்தமே பதினோரு படம். 'முத்துச்சிவிகை'ன்னு ஒரு படம். அதுல ஜன்னல் ஓரமா நின்னு, ஒரு பக்க மூஞ்சி மட்டும் தெரியிற மாதிரி அழுவாங்க. ரெண்டு நிமிஷம். வசனமே கிடையாது. நான் பத்தாவது படிக்கையில மத்தியானம் டிவியில போட்டான். அப்படியே உறைஞ்சு போயிட்டேன். ஒரு பொண்ணு இப்படியும் அழ முடியுமா! மறுநாள் கணக்குப் பரீட்சைய கோட்ட விட்டேன். அப்போ ஆரம்பிச்சதுதான். 'பொற்காலத் தாரகைகள்'னு ஃபேஸ்புக்ல ஒரு பேஜ் இருக்கே, நாப்பத்தோராயிரம் பேரு பாக்குறாங்களே, அது நான்தான். ஆரோக்கிய நிக்சன். இந்தக் கடைய பாத்து எடை போட்டுறாதீங்க.

இருபத்தஞ்சு வயசுல, நாலு படம் கையில இருக்கையில, டக்குனு காணாம போயிட்டாங்க சார். ஏன்னு எல்லாருக்கும் தெரியும். ஹீரோ புவனேந்திரன். ரெண்டு பேருக்கும் ஆறு படமா காதல். அவரு வேற எடத்துல கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. இவங்க மனசு ஒடஞ்சு சினிமாவையே தூக்கிப் போட்டுட்டாங்க. யாரு சொன்னதா? யாரு சொல்லணும் சார்? அந்த ஜன்னல் சீன பாத்தா தெரியாது? அவரு கல்யாணம் முடிஞ்ச மாசம் எடுத்த சீன் அது. நானே கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சேன்.

நான் மெட்ராஸ்ல, ஐதராபாத்ல, எங்கெங்கயோ தேடுறேன். கடைசியில பாத்தா நம்ம திருச்சியிலயே, தென்னூர்ல, இந்தக் கடைக்கு ரெண்டு ஸ்டாப் தள்ளி குடியிருக்காங்க! பேரு வேற. தையல்நாயகி. அதுதான் சொந்தப் பேராம். நம்ம கடையில ஒருத்தரு காதுகுத்துக்கு ஃப்ளெக்ஸ் அடிக்க வந்தாரு, அவரு குடுத்த குடும்ப போட்டோவுல ஓரமா பக்கத்து வீட்டு அம்மா ஒண்ணு திரும்பிப் பாத்துக்கிட்டு நிக்குது. ஒரு பக்க மூஞ்சி. உடனே அந்த மூஞ்சிய மட்டும் பெருசு பண்ணிப் பாத்தேன், அவங்களேதான். பதினோரு தடவ நடையா நடந்து, கெஞ்சிக் கூத்தாடி, பிறந்தநாள் விழாவுக்கு ஒத்துக்க வச்சேன். அதுக்குத்தான் இந்த மரியாத.

தப்பு எப்படி நடந்துச்சுன்னா, அது உங்களுக்குப் புரியாது, எங்க தொழில்ல இருக்கிறவனுக்குத்தான் புரியும். ரோல் பத்தடி அகலம் சார். பிறந்தநாள் ஃப்ளெக்ஸ் ஆறடி. பக்கத்துல நாலடி சும்மா போகும். அத வீணாக்க மனசு வருமா? எங்க எல்லாருக்கும் ஒரு பழக்கம், ரெடியா கிடக்குற எதையாவது பக்கத்துல சேத்து ஓட்டி விட்டுருவோம். சாரும்மாவோட அஞ்சலி ரெடியா கிடந்துச்சு, சேத்து ஓட்டினேன். வெட்டி, ரெண்டையும் சுருட்டி, நூல் கட்டி வச்சேன். விழாவுக்குப் போன ரோல் மாறிப் போச்சு. அவ்வளவுதான்.

உயிரோட இருக்கிறவங்களுக்கு ஏன் அஞ்சலி ரெடி பண்ணேன்னு நீங்களும் பாக்குறீங்க பாருங்க. அதே பார்வ! சார், பழைய நடிகைங்க பேஜ் வச்சிருக்கிறவன் எல்லாருமே ரெடியா வச்சிருப்பான். என்கிட்ட பதினேழு பேருக்கு இருக்கு. செய்தி வந்து அஞ்சு நிமிஷத்துல போடலேன்னா அடுத்த பேஜ்காரன் போட்டுருவான், ஷேர் பூரா அங்க போயிரும். தேதி மட்டும் தட்டணும். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் எடுத்து, வயச மாத்தி, எழுத்து அழகு பாத்து வைப்பேன். பெத்த பிள்ளைகூட அவ்வளவு அக்கறையா வச்சிருக்காது. ஹால்லயும் இதையேதான் சொன்னேன், அங்க இருந்த ஒரு அம்மா என்னப் பாத்து 'ச்சீ, நீயெல்லாம் மனுஷனா'ன்னுச்சு. எனக்கு அந்தம்மாவப் பாத்துதான் குமட்டிச்சு. கேசரி ரெண்டு பிளேட் வாங்கித் தின்னுட்டுப் பேசுது.

சரி, மேடைக்கு வாங்க. சாரும்மா அழுவாங்கன்னு நினைச்சேன். அவங்க பைய தொறந்து கண்ணாடிய எடுத்து மாட்டிக்கிட்டாங்க. பொறுமையா எந்திரிச்சு ஃப்ளெக்ஸ் கிட்ட போயி, விரல வச்சு ஒவ்வொரு வரியா படிக்கிறாங்க.

"தம்பி, தோற்றம் சரியா போட்டிருக்க. மறைவு ஏன் காலியா இருக்கு?"

"அது அப்புறம் போட்டுக்கலாம்னும்மா"ன்னேன். வாயில அதான் வந்துச்சு சார்!

ஹாலே கொல்லுன்னு சிரிச்சிருச்சு. அவங்க சிரிக்கல. மைக்க கையில வாங்கி சத்தமா படிச்சாங்க. 'காதலில் தோற்று, கலையைத் துறந்து, தனிமைச் சிறையில் கண்ணீராய்க் கரைந்த காவியத் தாரகையே!' நான் எழுதினது. மூணு நாள் உக்காந்து எழுதினது.

முன்வரிசையில அவங்ககூட வந்த ரெஜினாம்மா இருந்தாங்க. அவங்களும் எம்பது வயசு, கூடவே இருக்கிறவங்க. அவங்களப் பாத்து, "ரெஜினா, நான் கரைஞ்சனாடி?"ன்னு கேட்டாங்க.

"எழுவத்தெட்டு கிலோ இருக்க. எங்க கரைஞ்ச?"ன்னுச்சு அந்தம்மா.

அப்புறம் சாரும்மா பேசினாங்க பாருங்க, கருமம். காதப் பொத்திக்கிட்டு ஓடிரலாம் போல இருந்துச்சு. புவனேந்திரனப் பத்தி சொல்றாங்க, "அந்தாளுக்கு வாய் நாறும். பக்கத்துல வந்து வசனம் பேசினாருன்னா நான் மூச்ச அடக்கிக்குவேன். அத ஏக்கம்னு நினைச்சிட்டீங்களாக்கும்!"

சொல்லுங்க சார், இது ஒரு நடிகை பேசுற பேச்சா? 'வாய் நாறும்'! மைக்குல!

என் ஜன்னல் சீன்? ஒரு பக்க மூஞ்சி? "கடவாப்பல்லு வீங்கி இந்தப் பக்கம் பூரா பூசணிக்கா மாதிரி இருந்துச்சு. கேமராக்காரரு நல்ல பக்கத்த மட்டும் எடுத்தாரு. வலி தாங்காம அழுதேன். சீக்கிரம் விட்டா பல்லப் புடுங்கப் போகலாம்னு அழுதேன்." பன்னெண்டு வருஷமா நான் பாத்து உருகினது சொத்தப் பல்லு.

ஏன் சினிமாவ விட்டீங்கன்னு எவனோ கேட்டான். ஸ்டுடியோவுல மாசச் சம்பளமாம் அப்போ. விடிகாலையில மேக்கப் போட்டு உக்கார வச்சா சாயங்காலம் வரைக்கும் கூப்பிட மாட்டாங்களாம். எதுக்குன்னு கேக்கவும் முடியாதாம். ஆபீஸ் ரூம்ல டெலிபோன் போர்டு பாக்குற பொண்ணு பக்கத்துல போயி உக்காந்திருப்பாங்களாம். "அவ அஞ்சு மணி ஆச்சுன்னா பைய எடுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போவா. ஏன் போறன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. எனக்கு அந்த எந்திரிச்சுப் போறது மேலதான் காதல்." இப்படி சொன்னாங்க. அப்புறம் பிரைவேட்டா எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, பாஸ் பண்ணி, திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலைக்கு சேந்தாங்களாம். முப்பத்திரெண்டு வருஷம்.

டெலிபோன் ஆபரேட்டர் சார்! எங்க சாருலோசனி! காதுல கருப்பா ஹெட்போன் மாட்டிக்கிட்டு 'நம்பர் ப்ளீஸ்'னு! ரசிகருங்க ஊர் ஊரா தேடி அழுதுக்கிட்டு இருந்தப்போ இவங்க டிபன் பாக்ஸ் எடுத்துக்கிட்டு டவுன் பஸ்ல போயிருக்காங்க.

இருங்க சார், உங்களுது. அப்பா என்ன பண்ணிக்கிட்டு இருந்தாரு? பஸ் கண்டக்டரா. ம்ம். 'சமூக சேவகர்'னு போட்டுறட்டா? எடுப்பா இருக்கும். டெம்ப்ளேட்ல அந்த எடம் காலியா இருக்கு பாருங்க. பண்ணலையா? பண்ணலேன்னா என்ன சார், யாரு வந்து கேக்கப் போறா? சரி, இப்போதைக்கு இருக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்.

மறுநாள் போன் வந்துச்சு, ரெஜினாம்மா. "ஏம்ப்பா, உன்ன வரச் சொல்றா." மன்னிப்புக் கேக்கலாம்னு பழம் வாங்கிட்டுப் போனேன். அந்த வீட்டுச் செவுத்துல ஒரே ஒரு சினிமா போட்டோ இருக்கும்னு நினைக்கிறீங்களா? கிடையாது. ஒரு சர்ட்டிபிகேட்ட பிரேம் போட்டு மாட்டியிருக்காங்க. வெள்ளம் வந்த வருஷம் எக்ஸ்சேஞ்சு கீழ்த்தளத்துல தண்ணி நின்னுச்சாம், ரெண்டு நாள் வீட்டுக்குப் போகாம போர்டுலயே உக்காந்து ஊருக்கெல்லாம் லைன் குடுத்தாங்களாம். அதுக்குக் குடுத்த காகிதம். ஓரமெல்லாம் மஞ்சளா, சகிக்கல.

"உக்காருடா"ன்னாங்க. நேத்து வரைக்கும் தம்பி, இன்னிக்கு டா. "நீ எழுதி வச்சதுல எனக்கு கோவமில்ல. சாவு வரத்தான் போகுது. ஆனா நான் போனப்புறம் எழுந்து வந்து திருத்த முடியாது பாரு. அதனால இப்பவே திருத்து. காதலையும் கண்ணீரையும் எடுத்துட்டு இத எழுது. தையல்நாயகி, பதினோரு படத்துல நடிச்சவ, முப்பத்திரெண்டு வருஷம் டெலிபோன் ஆபரேட்டர். அவ்வளவுதான். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

நான் கெஞ்சினேன் சார். "அம்மா, நீங்க வேலைக்குப் போனத எவன் ஷேர் பண்ணுவான்? ஜனங்களுக்குக் காதல்தாம்மா பிடிக்கும்."

"அப்படியா? ஜனங்களுக்கு அதான் பிடிக்குமா?"ன்னு கேட்டுட்டு ரெஜினாம்மாவப் பாத்தாங்க. அப்பவே உஷாராயிருக்கணும் நான்.

கடைசி முயற்சியா, ஏதாவது கொஞ்சமாச்சும் தேறுமான்னு கேட்டேன், "அதுக்கப்புறம் புவனேந்திரன பாக்கவே இல்லியாம்மா?" பாக்கலியாம், ஆனா பேசியிருக்காங்களாம்! அவரு ஒரு தடவ திருச்சி லாட்ஜுல தங்கியிருந்து மெட்ராசுக்கு டிரங்க் கால் புக் பண்ணாராம், அப்போ வெளியூர்னா ஆபரேட்டர்தான் லைன் போட்டுக் குடுக்கணும், ஒரு காலுக்கு மூணு நிமிஷம். போர்டுல இவங்க. குரலு தெரிஞ்சிருச்சு இவங்களுக்கு. அவருக்குத் தெரியல. லைன் லேட்டாகுதுன்னு கன்னாபின்னான்னு திட்டினாராம். நெனச்சுப் பாருங்க சார்! ஒரு ஒயரு! இந்த முனையில இவங்க, அந்த முனையில அவரு! படமே எடுக்கலாம்! நான் சீட்டு நுனிக்கு வந்துட்டேன். "அழுதீங்களாம்மா? அப்போ என்னம்மா பண்ணீங்க?"

"மூணு நிமிஷம் முடிஞ்சுது. கட் பண்ணேன்"னாங்க.

ரெஜினாம்மா அப்படி சிரிக்குது சார், பொடவத் தலப்ப வாயில வச்சுக்கிட்டு. எனக்கு வந்த வெறுப்புக்கு அளவே இல்ல.

சரி, சரின்னு தலையாட்டிட்டு வந்தேன். வந்து மாத்தினேன் சார், மாத்தலேன்னு சொல்லாதீங்க. கீழ ஓரமா, அச்சகம் பேரு போடுவோம்ல, அந்த சைஸ்ல 'சிலகாலம் தொலைபேசித் துறையிலும் பணியாற்றினார்'னு ஒரு வரி சேத்தேன். காதல எப்படி எடுக்க முடியும்? எடுத்தா என்ன மிஞ்சும்? அந்த வாரம் பேஜ்ல ஜன்னல் சீன் போட்டோவ போட்டு, இந்த டிரங்க் கால் கதையவும், அடியில அந்த ஒரு வரியவும் எழுதினேன். கொஞ்சம் சரி பண்ணி. கடைசியில மட்டும், லைன் கட்டானப்புறமும் அவங்க அந்த ஒயர நெஞ்சோட அணைச்சுக்கிட்டு விம்மி விம்மி அழுததா வச்சேன். பதினேழாயிரம் லைக் சார்! ஒரு அக்கா துபாய்லேர்ந்து வாய்ஸ் மெசேஜ்ல அழுதாங்க. என்ன தப்பு? அவங்க அழுதிருக்கணும் சார். அழாதது அவங்க தப்பு.

ரெஜினாம்மாவுக்கு ஃபேஸ்புக் இருக்குன்னு எனக்கு யாரு சொன்னா?

ரெண்டு நாள் போன் இல்ல, ஒண்ணும் இல்ல. இன்னிக்கு காலையில கடையத் தொறக்குறேன், ஆட்டோக்காரரு ஒரு ரோல குடுத்துட்டுப் போறாரு. தென்னூர் அம்மா குடுக்கச் சொன்னாங்களாம். நூல் கட்டியிருக்கு. விழாவுல தொங்கின அந்த அஞ்சலி ஃப்ளெக்ஸத்தான் எடுத்துட்டுப் போயிருந்தாங்களோ, திருப்பி அனுப்புறாங்களோன்னு பிரிச்சேன்.

அந்தா, அந்த மூலையில இருக்கு பாருங்க சார். நீங்களே விரிச்சுப் பாருங்க. என்னால தொட முடியல.

கண்ணீர் அஞ்சலி. ஆரோக்கிய நிக்சன். தோற்றம் 1997. மறைவுக்கு நேரா காலி இடம்.

எதிர்க் கடையில அடிச்சிருக்காங்க சார், எதிர்க் கடையில! அவன் ஜன்னல் வழியா என்னப் பாத்துக்கிட்டே இருக்கான் காலையிலேர்ந்து. போட்டோவப் பாருங்க. நான் அவங்ககூட எடுத்த செல்ஃபியிலேர்ந்து என்ன மட்டும் வெட்டி எடுத்து, ஒரு பக்க மூஞ்சியா போட்டிருக்காங்க. படிங்க, சத்தமா படிங்க. 'காதலில் தோற்று, கணினியே கதியென்று, நான்கு சுவருக்குள் கண்ணீராய்க் கரைந்த கலைத் தாகமே!'

நான் எப்போ சார் காதல்ல தோத்தேன்? எனக்குக் கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆவுது! ஷீபான்னு பொண்டாட்டி, வீட்டுல முழுகாம இருக்கா! நான் காதலிச்ச பொண்ணத்தான் கட்டியிருக்கேன்! ஷீபா பேரு ஒரு எடத்துலயாவது இருக்கா பாருங்க. கடை? அஞ்சு வருஷமா ராப்பகலா உழைச்சு நிமித்தின கடை சார் இது. கீழ ஓரத்துல, எறும்பு சைஸ்ல, 'சிலகாலம் பதாகைத் துறையிலும் பணியாற்றினார்'. அருவருப்பா இல்ல? ஒரு மனுஷனோட வாழ்க்கைய இப்படியா திரிப்பாங்க? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே! ரெண்டு ஸ்டாப் தள்ளித்தானே இருக்கேன்!

போன் போட்டுக் கத்தினேன். "என்னம்மா இது, ஒரு வரிகூட உண்மையில்லயே?"

"அழகா இருக்குல்ல? ஜனங்களுக்கு அதாண்டா பிடிக்கும்"னாங்க. "தேதி போடாம வச்சிருக்கேன். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வயச மட்டும் மாத்தி வைக்கிறேன்."

எண்பத்தி மூணு வயசுல ஒரு பொம்பள பேசுற பேச்சா சார் அது? திருத்துங்கம்மான்னு கேட்டேன். ஷீபா பாத்தா என்ன நினைப்பா, இத எங்கயாவது கட்டிட்டாங்கன்னா என் மானம் என்னாவறதுன்னு கேட்டேன். "மூணு நிமிஷம் ஆச்சு"ன்னு சொல்லி கட் பண்ணிட்டாங்க. கட் பண்ணிட்டாங்க சார்! இப்போ போட்டா எடுக்க மாட்டேங்குறாங்க.

அதுலயும் கடைசி வரியப் பாத்தீங்களா? துயரத்துடன்னு போட்டு பேரு போடுவோம்ல. சாருலோசனின்னு போட்டிருந்தாலாவது, போகட்டும், ஒரு நடிகை கையெழுத்து நம்ம அஞ்சலியில இருக்குன்னு நானே எடுத்து வச்சுக்குவேன். என்ன போட்டிருக்கு பாருங்க. 'தையல்நாயகி, ஓய்வு பெற்ற டெலிபோன் ஆபரேட்டர்.' இவ்வளவு பெருசா. என் பேர விட பெருசா.

இந்தாங்க, உங்க அப்பாவோடது ரெடி. 'கல்வித் தந்தை, சமூக சேவகர், காவேரிக் கரையின் கர்ணன்.' எப்படி? கண்டக்டரா? அது எடமில்ல சார், எடுத்துட்டேன். எடுப்பா இருக்காது. என்ன சார் எந்திரிச்சிட்டீங்க? போட்டோவ அழிக்கணுமா? எதுக்கு? இருங்க சார், இருங்க, கேட்டதுக்கு பதில் சொல்லிட்டுப் போங்க. உங்களுக்கு இப்படி நடந்திருக்கா? நீங்க உயிரோட, முழுசா, கண்ணு முன்னாடி நிக்கையில, உங்கள ஒரு வார்த்த கேக்காம, உங்க கதைய அவங்க இஷ்டத்துக்கு எழுதி எவனாவது உங்க கையிலயே குடுத்திருக்கானா சார்?